தங்கச் சட்டமும் ரசம் போன கண்ணாடியும்

பாரிஸின் பழைய பட்டறைத் தெரு ஒன்றில், ஒரு பழங்கால நிலைக்கண்ணாடிக்கு வைத்தியம் பார்க்கப் போன அனுபவம்

"எப்படிக் கொண்டு வந்தீர்கள் மதாம்? படுக்க வைத்தா?" வணக்கம் சொல்வதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி இது.

அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படுக்க வைத்துத்தான் கொண்டு வந்திருந்தோம். தெரிந்தவர் ஒருவரின் வேனில், இரண்டு கம்பளிகளுக்கு நடுவே, பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருகிற பக்குவத்தோடு. பாராட்டுக் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தோம்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணாடியை நிமிர்த்திச் சுவரோரம் நிறுத்தினார். பின்பக்கப் பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சட்டத்தின் கீழ் ஓரத்துப் பள்ளத்தில் டார்ச் அடித்தார். கடுகளவு ஏதோ மினுங்கியது. சட்டத்தை அவர் லேசாக அசைத்ததும் அது ஓடியது. ஓடிப் போய் இன்னொரு மினுக்கலோடு சேர்ந்து மிளகளவு ஆயிற்று.

"மெர்க்யூர்" என்றார். பாதரசம்.

அக்கா எனக்குத் தூரத்து உறவு. புதுச்சேரிக்காரர். 1989இல் கல்யாணமாகி பாரிஸ் போனவர். புறநகரான சேன் தெனியில் மூன்றாவது மாடியில் வீடு. வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே இருந்து கவனித்துக்கொள்வது அவர் வேலை. கடைசியாக ஒன்பது வருடம் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுப் பாட்டி இறந்ததும், பாட்டியின் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தார்கள். ஞாபகார்த்தமாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா கேட்டது, கூடத்தில் கணப்பு அடுப்புக்கு மேல் இருந்த தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி. "ஒம்போது வருஷம் அதுக்கு முன்னால உக்கார வச்சுத்தான் பாட்டிக்குத் தலை சீவி விட்டேன். வேற எதைக் கேப்பேன்?"

வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளிச்சத்தில் குறை தெரிந்தது. விளிம்பெல்லாம் சாம்பல் நிறப் புள்ளிகள். கீழ்ப்பகுதியில் மேகம் போல ஒரு மங்கல். "ரசம் போயிடுச்சும்மா. புதுசா மாத்திடலாமான்னு பாக்கறேன்" என்றார் என்னிடம். ஒரு மொழிபெயர்ப்பு வேலையாக நான் பாரிஸில் இருந்த நேரம் அது. விடுமுறை முடிந்து மகள் வேலைக்குத் திரும்பப் போகிறாள். இரண்டு வயதுப் பேத்தி அடுத்த மாதத்திலிருந்து பகலெல்லாம் அக்காவிடம்தான். அதற்குள் வீட்டை ஒழுங்கு செய்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

பட்டறைக்காரர் 'தொரேர்', அதாவது மரத்தின் மீது தங்க ரேக்கு பதிப்பவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பழைய கண்ணாடியையே வைத்துக்கொள்வது. பள்ளத்தைச் சுத்தம் செய்து, பின்புறத்தை நன்றாக மூடித் தருவார். ஆனால் இன்னொரு துளி இறங்காது என்று உத்தரவாதம் தர மாட்டார். இரண்டாவது, புதுக் கண்ணாடி மாற்றுவது. ஆபத்து கிடையாது. பளிச்சென்று இருக்கும். விலைமதிப்பு மட்டும் சரிந்துவிடும். "அப்புறம் அது பழைய சட்டம்தான் மதாம். பழைய கண்ணாடி அல்ல."

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. துளி தரையில் விழுந்தால் துடைப்பத்தாலோ வாக்குவம் கிளீனராலோ எடுக்கக் கூடாது. சிதறிப் பரவும். தரையோடு தரையாக விளையாடும் குழந்தைகளுக்குத்தான் அபாயம் அதிகம். மறுபக்கம், இத்தகைய கண்ணாடிகள் பிரான்சில் எத்தனையோ வீடுகளின் சுவரில் இரண்டு நூற்றாண்டுகளாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நிமிர்ந்து நிற்கும் வரை, பூச்சு உதிராத வரை, அவை பெரும்பாலும் சாதுவானவை. ஆட்டி, கவிழ்த்து, படுக்கவைத்தால்தான் வம்பு. நாங்கள் செய்தது அதைத்தான்.

"செவ்வாய்க்கிழமை வாருங்கள். யோசித்து முடிவு சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார். நடுவில் ஐந்து நாள் இருந்தது. இந்தக் கண்ணாடி எந்த வழியாக அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று பார்த்துவிடலாம் என நினைத்தேன். அதற்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வழி அந்தத் தெருவிலிருந்தே தொடங்கியது.

அது ஃபோபூர் சேன் அந்துவான். பாஸ்டில் சதுக்கத்திலிருந்து கிழக்கே போகும் நீண்ட தெரு. முகப்பில் எல்லாம் துணிக்கடை, காபிக்கடை. நடுநடுவே வண்டி நுழையும் அகலத்துக்கு ஒரு வாசல். உள்ளே போனால் கல் பாவிய சந்து, இருபுறமும் உயரமான ஜன்னல் வைத்த பட்டறைகள். ஒரு காலத்தில் இங்கே தச்சர், செதுக்குபவர், மெருகு போடுபவர், தங்கம் பதிப்பவர் என்று வாசலுக்கு ஒரு தொழில் இருந்தது. இப்போது பல பட்டறைகள் கட்டடக்கலைஞர்களின் ஆபீஸ்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. வஜ்ஜிரம் காயும் வாசனை எங்கோ ஓரிரு சந்துகளில்தான் மிச்சம்.

தொழில் இங்கே வந்து குவிந்ததற்குக் காரணம் உண்டு. பாரிஸ் நகருக்குள் தொழில் சங்கங்களின் கெடுபிடி அதிகம். சங்கத்தில் தேறாதவன் கடை போட முடியாது. நகர மதிலுக்கு வெளியே, ஒரு கன்னிமாடத்தின் ஆளுகையில் இருந்த இந்தப் பகுதிக்கு மட்டும் 1657இல் பதினான்காம் லூயி விலக்குக் கொடுத்தார். வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் இங்கே பிழைக்க வந்தார்கள். அரசருக்கும் பிரபுக்களுக்கும் போன நாற்காலிகளும் மேசைகளும் அலமாரிகளும் ஏராளமாக இந்தச் சந்துகளிலிருந்து புறப்பட்டன. 1789 ஜூலை 14 அன்று பாஸ்டில் சிறையை உடைத்தவர்களின் பட்டியலைப் பார்த்தால், அதிலும் இந்தத் தெருவின் தச்சர்களும் மரவேலைக்காரர்களும் நிறையவே இருக்கிறார்கள்.

இதே தெருவிலிருந்து பிரிந்து தெற்கே போகிறது ரெய்யி தெரு. பிரெஞ்சுக் கண்ணாடியின் கதை தொடங்குவது அங்கேதான்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நல்ல கண்ணாடி வேண்டுமென்றால் வெனிஸ்தான். அந்நகரை ஒட்டிய முரானோ தீவின் தொழில் ரகசியம் அது. தொழிலாளி நாட்டை விட்டு ஓடினால் அவன் குடும்பத்துக்குத் தண்டனை என்று மிரட்டுகிற அளவுக்குப் பாதுகாத்தார்கள். பிரான்சின் பணம் வெனிசுக்குப் போவதைப் பொறுக்காத நிதியமைச்சர் கோல்பேர், 1665இல் அரச ஆதரவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையைத் தொடங்க ஏற்பாடு செய்தார். ஆசை காட்டி முரானோ தொழிலாளிகள் சிலரை ரகசியமாக வரவழைத்தார்கள். 1667இல் அவர்களில் இருவர் அடுத்தடுத்து இறந்தபோது, வெனிஸ் விஷம் வைத்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். ஆனால் அதற்குள் தொழில் இங்கே வேர் பிடித்துவிட்டது.

ரெய்யி தெருவில் அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தைத் தேடிப் போனேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ராணுவக் குடியிருப்பாக மாறியது. சமீபத்தில் அந்தக் கட்டடங்களையே புதுப்பித்து, புதியவற்றையும் சேர்த்து, நகரம் வாடகை வீடுகளாக ஆக்கியிருக்கிறது. நடுவில் ஒரு தோட்டம். நான் போன மாலையில் ஒரு சிறுவன் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தான். கண்ணாடி என்று பார்த்தால் ஜன்னல் கண்ணாடிகள்தான்.

இங்கே நடந்த வேலை இரண்டு. வெளியூர்ச் சூளைகளிலிருந்து வரும் கரடுமுரடான கண்ணாடித் தகடுகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது முதல் வேலை. ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை வைத்து, நடுவே மணலும் தண்ணீரும் விட்டு, கையால் அரைப்பார்கள். பிறகு குருந்தக்கல் பொடி, கடைசியில் செந்நிற இரும்புத்தூள். நாள்கணக்கில் நடக்கும் வேலை.

இரண்டாவது வேலைதான் கண்ணாடியை முகம் பார்க்கும் கண்ணாடியாக்குவது. வழவழப்பான கல்மேசை ஒன்று. ஓரங்களில் வாய்க்கால். மேசையின் மேல் தாள் போல அடித்த வெள்ளீயத் தகட்டைச் சுருக்கமில்லாமல் விரிப்பார்கள். பாதரசத்தைக் கொஞ்சம் ஊற்றித் தேய்ப்பார்கள். பிறகு தகடு மூழ்கும்படி நிறைய ஊற்றுவார்கள். அதன்மேல் கண்ணாடியை ஒரு ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளுவார்கள். நடுவில் தூசியோ காற்றுக் குமிழோ சிக்கினால் வேலை வீண். பிறகு மேலே கனமான பாரங்களை அடுக்கி, மேசையை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். மிஞ்சிய பாதரசம் வாய்க்கால் வழியே வடியும். பெரிய கண்ணாடி என்றால் வாரக்கணக்கில் வடியும். முழுவதும் வடிந்துவிடுவதும் இல்லை. வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்து உறைந்த படிகங்களுக்கு நடுவே கொஞ்சம் திரவமாகவே தங்கிவிடும். அக்காவின் கண்ணாடியில் நாங்கள் பார்த்த அந்த மிளகு, யாரோ ஒருவர் மேசையைச் சாய்த்த நாளிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன சந்தோஷம் கிடைத்தது. நாம் 'ரசம் போன கண்ணாடி' என்கிறோம். அந்த ரசம், பாதரசம். இன்றைய கண்ணாடியில் பாதரசம் இல்லை. ஆனாலும் சொல் மாறவில்லை. பிரெஞ்சில் கண்ணாடியின் பின்பூச்சுக்குப் பெயர் 'தேன்'. நம் தேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளீயத்தைக் குறிக்கும் 'எதேன்' என்ற சொல்லின் திரிபு அது. கூட்டுச் சரக்கில் தமிழ் ஒரு உலோகத்தை ஞாபகம் வைத்திருக்கிறது, பிரெஞ்சு மற்றொன்றை. இந்தப் பூச்சு வேலை செய்தவருக்கு பிரெஞ்சில் 'எதமேர்' என்று பெயர். தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவருக்கும் அதே பெயர்தான்.

அந்த எதமேர்களின் கதை சந்தோஷமானதல்ல. பாதரச ஆவி முதலில் ஈறுகளைப் பிடிக்கும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். பல் ஆடி விழும். பிறகு கை நடுங்கும், நாக்குக் குழறும். தொழில் நோய்களைப் பற்றி முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, 1700இல் வெளியான தன் நூலில் முரானோவின் கண்ணாடித் தொழிலாளிகளைக் குறிப்பிடுகிறார். தாங்கள் செய்த கண்ணாடியிலேயே தங்கள் அவலத்தைப் பார்த்து, அந்தத் தொழிலுக்கு வந்ததையே அவர்கள் சபித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொல்வதன் சாரம்.

மீட்சி வந்தது ரசாயனத்திலிருந்து. 1835இல் ஜெர்மன் விஞ்ஞானி லீபிக், வெள்ளிக் கரைசலிலிருந்து கண்ணாடியின் மேல் வெள்ளியைப் படிய வைக்கலாம் என்று கண்டறிந்தார். 1850களில் அது தொழிற்சாலைக்கு ஏற்ற முறையாயிற்று. அதன் பிறகு வெள்ளி மெல்ல மெல்லப் பாதரசத்தை வெளியேற்றியது. இருநூறு ஆண்டுகள் பிரான்சின் அரண்மனைகளில் மின்னியதெல்லாம் அதற்கு முந்தைய சரக்கு.

அந்த மின்னலைப் பார்க்க வெர்சாய் போனேன். நம் சரித்திரப் பாடத்தில் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை என்று படித்தோமே, அதே ஊர். 1919 ஜூன் 28 அன்று அது கையெழுத்தானதும் இதே கண்ணாடி மண்டபத்தில்தான். பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய காலத்தில் இந்த மண்டபத்தின் பெயரை நான் 'பனிக்கட்டி மண்டபம்' என்று மொழிபெயர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. 'க்ளாஸ்' என்றால் பனிக்கட்டி, ஐஸ்கிரீம், பெரிய கண்ணாடி மூன்றும்தான். நமக்கு ஜன்னலில் இருப்பதும் மூக்கின் மேல் இருப்பதும் முகம் பார்ப்பதும் எல்லாம் கண்ணாடி என்றிருக்கும்போது, அவர்களை மட்டும் குறை சொல்வானேன்?

1678இல் தொடங்கி 1684இல் முடிந்த மண்டபம். நீளம் 73 மீட்டர். கட்டியவர் ஆர்துவேன் மான்சார். தோட்டத்தைப் பார்த்த 17 ஜன்னல்களுக்கு எதிரே 17 கண்ணாடி வளைவுகள். தூரத்திலிருந்து ஒவ்வொன்றும் ஒரே கண்ணாடி போலத் தெரிகிறது. கிட்டே போனால்தான் விஷயம் புரிகிறது. ஒவ்வொரு வளைவிலும் 21 துண்டுகள், மொத்தம் 357. அன்றைக்குக் கண்ணாடியை வாயால்தான் ஊதினார்கள். குழாய் போல ஊதி, நீளவாக்கில் அறுத்து, சூட்டில் விரித்துத் தட்டையாக்குவார்கள். மனித மூச்சு எவ்வளவோ, அவ்வளவுதான் கண்ணாடியின் அளவு. உலகத்தையே வாங்கக்கூடிய அரசருக்கும் அதற்கு மேல் கிடைக்கவில்லை.

2004 முதல் 2007 வரை இந்த மண்டபத்தைச் செப்பனிட்டபோது, பழைய பாதரசக் கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அவற்றின் வெளிச்சம் வேறு மாதிரி இருக்கிறது. நம் குளியலறைக் கண்ணாடியின் பளீர் இல்லை. சற்றே நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். முகம் தண்ணீருக்குள் தெரிவது போல ஓர் ஆழம். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே நானும் பார்த்துக்கொண்டேன். வயது கொஞ்சம் குறைந்தாற்போல இருந்தது. மெழுகுவர்த்திக்காகச் செய்த கண்ணாடி அல்லவா?

இந்த மண்டபத்தில் முதலில் இருந்தவை வெள்ளியிலேயே செய்த மேசைகளும் விளக்குத் தண்டுகளும். 1689இல் போர்ச் செலவுக்காக அத்தனையையும் உருக்கிவிட்டார்கள். அந்தக் கனத்த வெள்ளியில் ஒன்றும் இங்கே மிஞ்சவில்லை. உடையக்கூடிய கண்ணாடி மிஞ்சியிருக்கிறது.

மூச்சின் அளவைத் தாண்ட வழி பிறந்ததும் அதே காலத்தில்தான். உருகிய கண்ணாடியை உலோக மேசையின் மேல் கொட்டி, உருளையால் அழுத்திப் பரப்பும் வார்ப்பு முறை 1680களின் இறுதியில் உருவாயிற்று. காடும் விறகும் உள்ள இடமாகத் தேடி, 1692இல் வடக்கே பிக்கார்டிப் பகுதியில் ஒரு சிற்றூரில் சூளையை அமைத்தார்கள். அந்த ஊரின் பெயரை பிரெஞ்சுக்காரர்கள் 'சேன் கொபேன்' என்கிறார்கள். சென்னைக்காரர்கள் செயின்ட் கோபைன் என்கிறார்கள். ஆமாம், ஸ்ரீபெரும்புதூரில் 2000இலிருந்து கண்ணாடி செய்துவரும் அதே நிறுவனத்தின் ஆதி ஊர்தான். இன்றைய முறையில் தேய்ப்பதற்கும் அரைப்பதற்கும் வேலையில்லை. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிடுகிறார்கள். தானாகவே தட்டையாகிவிடுகிறது. பாதரசம் போனாலும் வெள்ளீயம் கண்ணாடியை விட்டுப் போகவில்லை.

வார்ப்பு முறை வந்த பிறகு கண்ணாடி வளர்ந்தது. கணப்புக்கு மேல், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே என்று அதற்கு வீட்டில் நிரந்தர இடம் கிடைத்தது. ஆனால் அளவு கூடக் கூட விலை பல மடங்கு ஏறும். அதனால் பல வீடுகளில் இரண்டு துண்டுகளை மேலும் கீழுமாக ஒட்டி வைத்தார்கள். பழைய கண்ணாடியின் குறுக்கே கோடு ஓடினால் அது குறை அல்ல, வீட்டுக்காரரின் கணக்குப் புத்தகம்.

சனிக்கிழமை, வடக்கே சேன் துவானில் உள்ள பழம்பொருள் சந்தைக்கு அக்காவும் வந்தார். மெட்ரோவில் இறங்கி, மலிவு பனியன் கடைகளைத் தாண்டிப் போனால், சந்து சந்தாகப் பழங்காலம். கண்ணாடிக்கென்றே சில கடைகள். சட்டத்தைப் பார்த்தே ஆட்சியைச் சொல்லிவிடலாம். பதினான்காம் லூயி காலத்துச் சட்டம் கனமாக, இருபக்கமும் ஒன்று போலவே இருக்கும். பதினைந்தாம் லூயிக்கு வந்தால் சிப்பியும் கொடியும் நெளிந்து, இடப்பக்கம் வலப்பக்கத்தை மதிக்காது. பதினாறாம் லூயி காலத்தில் மறுபடி நேர்கோடு. உச்சியில் ரிப்பன் முடிச்சு, புறா, அம்பறாத்தூணி. நெப்போலியனுக்குக் கழுகும் வாகை மாலையும்.

அக்காவுடையது அதற்கும் பிந்தியது. மேல் மூலைகள் இரண்டும் வளைந்து, கீழே நேராக, சட்டம் முழுக்க மெல்லிய பூக்கோலம் கீறியிருக்கும். 1830 முதல் 1848 வரை ஆண்ட லூயி பிலிப் காலத்து மோஸ்தர். வக்கீலும் வியாபாரியும் தங்கச் சட்டம் வாங்கத் தொடங்கிய காலம். அரசரிடமிருந்து பிரபுவுக்கு, பிரபுவிடமிருந்து வக்கீல் வீட்டுக்கு, அங்கிருந்து புதுச்சேரிக்கார அக்காவுக்கு என்று கண்ணாடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்திருக்கிறது.

"ஒரிஜினல் கண்ணாடி" என்ற வார்த்தையைக் கடைக்காரர்கள் அழுத்திச் சொன்னார்கள். கண்ணாடி மாற்றியது என்றால் விலை குறைவு. பக்கத்திலேயே இன்னொரு வேடிக்கை. புதுக் கண்ணாடிக்கு அமிலம் தடவி, வேண்டுமென்றே புள்ளி விழ வைத்து விற்கிறார்கள். அதற்கும் கிராக்கி இருக்கிறது. "நம்மளுது இயற்கையாவே கெட்டுப் போயிருக்கு. கூட காசு கேக்கலாம் போலிருக்கே" என்று சிரித்தார் அக்கா. திரும்பி வரும்போது அதிகம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது பட்டறைக்காரர் வேறொரு சட்டத்தில் வேலையாக இருந்தார். முடிக்கும் வரை உட்காரச் சொன்னார். அதுவே ஒரு பாடமாயிற்று.

தங்கச் சட்டம் என்கிறோமே, அதில் தங்கத்தைவிடச் சாக்கட்டிதான் அதிகம். மரத்தைச் செதுக்கிய பின் முதலில் முயல் தோல் வஜ்ஜிரம் பூசுவார்கள். பிறகு வஜ்ஜிரத்தோடு சாக்கட்டிப் பொடியைக் கரைத்து, இளஞ்சூட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு, பத்து பூச்சுகள். நம்மூரில் பெயின்ட் அடிப்பவர்கள் பட்டி பார்ப்பது போலத்தான். அத்தனை பூச்சில் செதுக்கலின் கூர்மை மழுங்கிவிடும். அதனால் கொக்கி போன்ற சின்ன உளிகளால் இலையின் நரம்பையும் பூவின் இதழையும் மறுபடி கீறி எடுக்க வேண்டும். அக்கா சட்டத்தில் இருந்த பூக்கோலம் மரத்தில் செதுக்கியதே இல்லை. இந்தச் சாக்கட்டிப் பூச்சில் கீறியது.

அதன்மேல் மஞ்சள் காவி. தங்கம் எட்டாத இடுக்குகளில் வெள்ளை தெரியாமல் இருப்பதற்கு. பிறகு வெண்ணெய் போல அரைத்த செங்களிமண். பழைய சட்டங்களில் தங்கம் தேய்ந்த இடத்தில் செம்மை தெரிவது இதனால்தான். அந்தச் சூடான நிறம்தான் மேலே வரும் தங்கத்துக்கு உயிர்.

கடைசியில்தான் தங்க ரேக்கு. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் அதன் கனம். கையால் தொட்டால் காணாமல் போய்விடும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, தோல் மெத்தையின் மேல் ஒரு ரேக்கை விரித்து, கத்தியால் அறுத்தார். அணில் முடி தூரிகையைத் தன் கன்னத்தில் ஒரு தடவு தடவினார். கன்னத்து எண்ணெய்ப் பசையில் ரேக்கு ஒட்டிக்கொள்ளும். களிமண்ணைத் தண்ணீரால் நனைத்து, தூரிகையை அருகே கொண்டு போனதும் ரேக்கு தானே தாவி உட்கார்ந்தது. காய்ந்த பிறகு அகேட் கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுவார். எல்லா இடத்திலும் அல்ல. சில பகுதிகளை மங்கலாகவே விட வேண்டும். மெருகும் மங்கலும் அடுத்தடுத்து இருந்தால்தான் மெழுகுவர்த்தி அசையும்போது சட்டமும் அசைவது போலத் தோன்றும்.

1770களில் வாத்தேன் என்பவர் எழுதிய கையேட்டில் இந்த வேலைக்கு 17 படிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. தானும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் செய்வதாகச் சொன்னார் பட்டறைக்காரர். செதுக்கியவர் ஒருவர், தங்கம் பதித்தவர் வேறொருவர், கண்ணாடி தேய்த்தவர், ரசம் பூசியவர் வேறு வேறு ஆட்கள். சட்டத்தின் பின்புறம் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பெயரும் இருக்காது.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "முடிவு செய்தீர்களா மதாம்?"

அக்கா பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். என்னிடம் பிறகு தமிழில் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். "விலை குறைஞ்சா குறையட்டும்மா. நான் விக்கவா போறேன்? குழந்தை புழங்கற வீடு. ராத்திரியெல்லாம் அந்த உருண்டைதான் கண்ணு முன்னால ஓடுது."

அவர் வாதாடவில்லை. ஆனால் முகம் வாடியது தெரிந்தது. அந்தக் கண்ணாடியின் முன் சற்று நேரம் நின்றார். ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டினார். பிம்பத்தில் காகிதம் நீலச் சாம்பலாகத் தெரிந்தது. "இது போல இனி யாரும் செய்யப் போவதில்லை. செய்யவும் கூடாது" என்றார்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. "இதை உடைச்சிடுவாங்களா?" என்று கேட்டார். பாட்டி பார்த்த கண்ணாடி அல்லவா?

அதற்கு அவர் பட்டறையின் கோடியிலிருந்து ஒரு வெறும் சட்டத்தைக் கொண்டு வந்தார். அதே லூயி பிலிப் காலத்தது. அளவு ஒரு விரற்கடை சிறிது. யார் வீட்டிலோ கண்ணாடி உடைந்துபோய், பழைய கண்ணாடி கிடைக்கும் வரை காத்திருப்பது. அந்த வீட்டில் குழந்தைகள் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள். தக்க பாதுகாப்போடு வெட்டிப் பொருத்திவிடலாம் என்றார். அதற்குப் பதிலாக அக்கா சட்டத்தின் உடைந்த இடது மூலையைக் காசு வாங்காமல் சரிசெய்து தருவதாகச் சொன்னார். பேரம் முடிந்தது. கண்ணாடி ஒரு படி இறங்கி வந்தது போதும் என்று மறுபடி யார் வீட்டுக்கோ ஏறிப் போகிறது.

கிளம்பும் முன் பள்ளத்திலிருந்த பாதரசத்தை ஒரு சின்ன உறிஞ்சு குழலால் எடுத்து, அலமாரியின் மேல் தட்டிலிருந்த தடித்த குப்பியில் சேர்த்து மூடினார். குப்பியில் ஒரு விரல் உயரத்துக்கு இருந்தது. பல வருடங்களாக, பல கண்ணாடிகளிலிருந்து சேர்ந்தது. நிரம்பினால் அபாயக் கழிவுகளை வாங்குபவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். அவ்வளவு சின்னக் குப்பியைத் தூக்க அவர் இரண்டு கையும் கொடுத்தார்.

நான் ஊர் திரும்பும் முன் சேன் தெனி வீட்டில் கண்ணாடி மாட்டியாகிவிட்டது. பழைய தங்கத்துக்கு நடுவே புதுக் கண்ணாடி சற்று அவசரக்குடுக்கை போலத்தான் இருந்தது. இந்த முறை நிமிர்த்தியே கொண்டு வந்திருந்தோம், அதற்கு இனி அவசியமில்லாவிட்டாலும்.

அக்கா பேத்தியை மடியில் உட்கார வைத்து அதன் முன்னால் தலை சீவி விட்டார். குழந்தை கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தது. அக்கா யாரும் கேட்காமலே சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்பத் தெளிவு. பாட்டியோட கண்ணாடில என் நரை இவ்வளவு தெரிஞ்சதில்லை."